விளக்குக் கம்பத்தில் என் முகம்

டிசம்பர் 6, 2004
ஐந்து வருடமாக நான் கேட்டுக் கத்திய நடைபாதையை ஒருவழியாகப் போட்டுவிட்டார்கள். போட்டது ஹூஸ்டன் மாநகராட்சி இல்லை. எங்கள் சில தெருக்களுக்கென்று கட்டட முதலாளிகளிடம் தனி வரி வாங்கும் சிறப்பு மேலாண்மை வட்டாரம். அதன் அலுவலர் பூட்ரோ அம்மாள் இன்று எங்கள் கடையில் ஒரு கிண்ணம் ஃபோ நூடுல்ஸ் சூப்பை உறிஞ்சி முடித்துவிட்டு, "இந்தத் தெருவுக்கு முகமே நீங்கதான்" என்றாள். என் வீட்டுக்காரர் லாம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்தார். பொறாமை!

ஜனவரி 18
பேச்சுக்குச் சொன்னதில்லையாம். என்னைப் படம் பிடித்துப் பதாகையாக விளக்குக் கம்பங்களில் தொங்கவிடப் போகிறார்கள். கிண்ணத்தை ஏந்திச் சிரித்தேன். உள்ளே சூப் இல்லை — ஆவி முகத்தை மறைக்கிறதாம்.

பிப்ரவரி 9
எங்கள் வியட்நாமியப் புத்தாண்டு. கடைக்குள் முதலில் காலெடுத்து வைப்பவரின் ராசிதான் வருஷம் முழுக்க. போன வருஷம் லாமின் தம்பி வந்தான், குளிர்பெட்டி படுத்துவிட்டது. இந்தத் தடவை பூட்ரோ அம்மாள்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"அந்தம்மா ராசி நமக்கா, தெருவுக்கா?" என்றார் லாம்.

"நாம என்ன ஆகாசத்துலயா இருக்கோம்?"

மஞ்சள் பூக்கொத்தோடு வந்தாள். மனசு நிறைந்தது.

மார்ச் 3
கம்பத்தில் ஏறிவிட்டேன். காற்றடித்தால் கன்னம் உப்புகிறது.

ஏப்ரல் 11
கட்டட முதலாளி ட்ரின் வந்தான். நம்ம ஊர்க்காரன்தான், லாமோடு ஒரே படகில் தப்பி வந்தவன். ஜூனில் குத்தகை முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் வாடகை இரண்டு மடங்கு!

"மனசாட்சி இருக்காடா உனக்கு?"

"கோவிச்சுக்காதீங்க, துயெத் அக்கா. வெளியில பாருங்க. நடைபாதை, மரம், விளக்கு. இப்ப இது பெரிய எடம். உங்க படமே தொங்குதே!"

என் முகத்தைக் காட்டி என்னையே விரட்டுகிறான்.

ஏப்ரல் 12
ராசி பலித்துவிட்டது. தெருவுக்கு.

மே 17
வட்டாரக் குழுக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் தந்தார்கள். மேசையைச் சுற்றி எல்லாம் கட்டட முதலாளிகள். ட்ரினும்தான். அழக்கூடாது என்று போனேன் — எங்கே!

"இந்தத் தெருவுக்குள்ள வரவே ஜனம் பயந்த காலத்துல கடை தெறந்து வெச்சவ நான். நல்லா ஆனதும் நான் போகணுமா? எங்கய்யா போவேன்?"

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பூட்ரோ அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்: என் பதாகை இன்னும் ஒரு வருடம் தொங்கும்.

ஜூன் 30
காலி செய்தாயிற்று. சூப் அண்டாவை இருவரும் தூக்கி வண்டியில் வைத்தோம். லாம் அண்டாவைக் கயிற்றால் கட்டத் தொடங்கினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அக்டோபர் 4
ஊரின் தென்மேற்கு மூலையில், வண்டிக்கு எண்ணெய் மாற்றும் கடைக்குப் பக்கத்தில் புதுக்கடை. மெல்லக் கூட்டம் வருகிறது. இன்று மதியம் பச்சைச் சட்டை போட்ட ஒருத்தி வந்தாள். இங்கேயும் ஒரு மேலாண்மை வட்டாரம் தொடங்குகிறார்களாம்.

"ரொம்ப அழகான கடைங்க. இந்தத் தெருவுக்கு என்னென்ன செய்யலாம், சொல்லுங்க."

வாசல் விளக்குக் கம்பத்தை ஒரு தடவை பார்த்தேன்.

"ஒண்ணும் வேணாம்மா. இங்க ஒருத்தரும் வர்றதில்ல. ராத்திரியானா துப்பாக்கிச் சத்தம்தான்."

அவள் நம்பாமல், நிறைந்திருந்த மேசைகளைப் பார்த்தாள். லாம் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பேச்சிலும் எனக்கு ஒத்துப்போகாத மனுஷன்.

"எலி வேற இருக்கு" என்றார்.