யோனாவுக்கு மகள் இல்லை

இயேசு மரி சூசை

பாம்பன்
18-2-2001

அன்பு மகள் அமலிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் என் கோழிகளும் சுகம், மஸ்கட்டில் நீயும் உன் ஆஸ்பத்திரித் தோழிகளும் அதே சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போட்டோவில் மெலிந்து தெரிகிறாய், ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதே, ஒருவேளையாவது சோறு பொங்கிச் சாப்பிடு. கல்யாணப் புடவையை ராமநாதபுரத்தில் எடுத்து ஜாக்கெட்டும் தைக்கக் கொடுத்தாயிற்று, பழைய அளவுக்குத்தான், மே மாதத்துக்குள் அந்த அளவுக்கு வந்து சேர். ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் உங்கள் கல்யாண ஓலையை வாசித்து அறிவிக்கிறார்கள். கடிதம் இந்தத் தடவை பிந்தியதற்குக் காரணம் இருக்கிறது. பயந்துவிடாதே, மாப்பிள்ளை வீட்டில் ஒன்றும் இல்லை, ஆனால் உன் கல்யாணத்தோடு சம்பந்தப்பட்டதுதான், அதனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயில் மாத இதழில் நான் வேதத்தில் வருகிற யோனா தீர்க்கதரிசி கதையைத் தொடராக எழுதுவது உனக்குத் தெரியும். அவனைக் கடலில் தூக்கிப் போட்ட மாலுமிகள் அப்புறம் வீட்டுக்குப் போய் எப்படிச் சோறு தின்றிருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி, அவர்கள் பக்கமிருந்துதான் எழுதுகிறேன். மூன்று அத்தியாயம் ஒழுங்காகப் போனது. நாலாவதில், புயல் யாரால் வந்தது என்று சீட்டுப் போடுகிற இடம். எதை வைத்துப் போட்டார்கள் என்று வேதத்தில் இல்லை. நம் ஆட்கள் மீனைப் பங்கு வைக்கும்போது ஆளுக்கொரு குறி கீறிய சிப்பியைச் சாக்கில் போட்டுக் குலுக்கி எடுப்பார்களே, எனக்குத் தெரிந்த அதையே எழுதினேன். யோனாவே சாக்குக்குள் கையை விடுகிறான், ஒரு சிப்பி குறைகிறது என்று விரலுக்குத் தெரிகிறது, நிமிர்ந்து பார்த்தால் ஒரு மாலுமி கையை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான். இதெல்லாம் நான் யோசித்து வைத்ததில்லை அமலி. பட்டப்பகல், வெளியே கருவாட்டுக்காரிகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குகிறார்கள். ஓடி வந்தவன் மூச்சு இல்லை, தண்ணீரில் முங்கி எழுந்தவன் வாங்குவானே, அந்த மூச்சு. திரும்பினால் சுவர்தான். நோட்டின் ஓரம் நனைந்து உப்புப் பூத்திருந்தது. பிரஷர் கூடிவிட்டது என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே எழுதினேன். யோனா அந்த மாலுமியிடம், கையைத் திறக்காதே, உன் வீட்டில் தொட்டில் ஆடுகிறது என்கிறான். அடுத்து, என் மகளை நீ கரையேற்று என்கிறான். எழுதிவிட்டு நானே புரியாமல் விழித்தேன். இதழைப் பார்த்துத் திருத்துகிற பங்குச் சாமியாரும், யோனாவுக்கு ஏதம்மா மகள், வேதத்தில் இல்லாததை எல்லாம் சேர்க்காதே என்று அந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். இதழில் அது இல்லாமல்தான் வந்தது.

இதழ் வந்த மறுநாள் காலையில் உன் ஞானத்தகப்பன் தங்கசாமி வந்தார். உன் அப்பா கடலோடு போன அன்று அவரோடு படகில் இருந்த நாலு பேரில் ஒருவர். அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் நாலு பேரும் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்தார்கள். வந்தால் உரிமையோடு காப்பி கேட்கிறவர், அன்றைக்கு உட்காரக்கூட இல்லை. அவர் மகள் அவருக்குக் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறாள், உன் அப்பா போனபோது தொட்டிலில் கிடந்தவள். “மதினி, இத உங்களுக்கு ஆரு சொன்னது?” என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை. பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். காற்றில் எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது, படகு அலைக்குக் குறுக்கே நின்று தண்ணீர் ஏறுகிறது, ஒருவர் கத்தியோடு அடியில் முங்கி அறுக்க வேண்டும். யார் என்று சிப்பி போட்டிருக்கிறார்கள். ஆள் ஐந்து, சாக்கில் விழுந்த சிப்பி நாலு. எடுத்தது உன் அப்பா, வந்தது அவர் குறி. வலை அறுந்தது, எஞ்சின் ஓடியது, அவர் மேலே வரவில்லை. தங்கசாமி கையை நீட்டி என் முன்னால் திறந்தார். மஞ்சளேறிப்போன சிப்பி, இரண்டு கீறல், சாக்கில் போடாமல் ஒளித்த தங்கசாமியின் குறி.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. நீ புது நன்மை வாங்கிய அன்றைக்கு அவர் கவுன் தைத்துக் கொடுத்ததும் உன்னை நர்சிங்கில் சேர்க்க மதுரைக்கு நடையாய் நடந்ததும் இதற்குத்தானா என்று கேட்டேன். கல்யாணத்தன்று கோயிலில் உன் கையைப் பிடித்து அழைத்துப்போவது அவர்தான் என்று பேசி வைத்தோமே, அது நடக்காது, என் வாசலை இனி மிதிக்காதே என்றும் சொல்லிவிட்டேன். வாசல் வரை போனவர் நின்றார். “கையத் திறக்காதன்னு சொன்ன பெறகு அவுக இன்னொண்ணும் சொன்னாக மதினி, அது உங்க கதையில இல்ல. எம் மகள நீ கரையேத்துன்னாக.” இவ்வளவுதான், போய்விட்டார்.

அந்த நோட்டு என் பெட்டியை விட்டுப் போனது சாமியார் மேஜைக்கு மட்டும்தான். சாமியாரிடம் போய்க் கேட்டேன், யாரிடமும் மூச்சு விடவில்லை என்கிறார். அன்றையிலிருந்து எனக்குப் பின்னால் அந்த மூச்சுச் சத்தம் இல்லை. முதலில் கேட்டதற்குப் பயந்தேன், இப்போது கேட்காததற்குப் பயமாக இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயம் ஒரு வரி நகரவில்லை, மீன் வயிற்றில் யோனா பேசாமல் கிடக்கிறான். தங்கசாமியை மன்னித்துவிட்டேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஆனால் உன் அப்பா தெரிந்தேதான் அவரை விட்டிருக்கிறார், உன்னையும் அவரிடம்தான் ஒப்படைத்திருக்கிறார். அவரை விரட்டி, சாமியார் அடித்த மாதிரி நானும் அந்த வார்த்தையை அடித்துவிட்டேன், இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கோயிலில் யார் கையைப் பிடித்து நடப்பாய் என்பதை நீயே முடிவு பண்ணு மகளே, நீ எது சொன்னாலும் அம்மாவுக்குச் சம்மதம்.

வேளாங்கண்ணி மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்ததாக நினைத்துக்கொள். பதிலைச் சீக்கிரம் எழுது. ஒன்றை மறந்துவிடாதே, ஓரம் நனைந்த அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து இதோடு மடித்து வைத்திருக்கிறேன். பத்து நாளாக வெயிலில் போட்டும் ஓரம் இன்னும் காயவில்லை. கிழிந்துவிடாமல் மெதுவாகப் பிரி.

உன் அம்மா
இ. சவேரியம்மாள்