வளையத்தில் நிற்காத காயில்

12 பெப்ரவரி 1959, வியாழன்

தோட்டத்துக் கருப்பையாவின் மனைவி செல்லம்மாவுக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நேற்று என் வாடகைக் காருக்குப் என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒன்று புதிதாக மாட்டினேன். பழையதைவிட ஒல்லியாக இருந்ததால், அதைத் தாங்கும் வளையத்துக்குள் ஆடியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இன்று மத்தியானம், தேயிலைச் செடிகளின் கிளைகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் வேலையாக இருந்த கருப்பையா ஓடிவந்தான். பிரசவ வலியில் துடித்த அவன் மனைவியைக் காரில் ஏற்றினோம். வட்டவளை தாண்டி ஒரு குழியில் குலுங்கியதும் என்ஜின் நின்றுவிட்டது. மூடியைத் திறந்தேன். காயில் சரிந்து, அதன் கம்பி முனை இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது. நிமிர்த்தினாலும் மறுபடி சரிந்தது.

"இடையில ஏதாச்சும் வச்சு இறுக்கணும்" என்றேன்.

கருப்பையா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக் கவ்வாத்துக் கத்தியால் கிழித்து நீட்டினான். "இது போதுமாண்ணே?"

"சீக்கிரம்ண்ணே, என்னால முடியல" என்று உள்ளிருந்து செல்லம்மா கத்தினாள்.

சாக்குத் துண்டைக் காயிலைச் சுற்றிவைத்து வளையத்தை முடுக்கினேன். என்ஜின் உடனே பிடித்தது. அட்டன் ஆஸ்பத்திரி வாசல்வரை எங்கும் நிற்கவில்லை.

பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த கருப்பையா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீங்க இல்லாட்டி என்னாண்ணே ஆயிருக்கும்?"

காயில் ஆடியது எனக்கு நேற்றே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே அழுதான். சொல்ல முடியவில்லை.

ஒருநாள் சொல்லத்தான் வேண்டும். இப்போதைக்குப் பிள்ளை வீறிட்ட சத்தம் காதிலேயே இருக்கிறது. இன்றைக்குத் தூங்கிவிடுவேன்.