சிறகவரைக்கு ஓர் இரவு

சீசா, பலெர்மோ
செப்டெம்பர் 14

அன்பு மருமகள் துஷாந்திக்கு,

சீசா வட்டாரத்தின் பயிர்ச்செய்கைச் சக்கரவர்த்தியும் நான்காம் மாடிப் பல்கனியின் ஏக அதிபதியுமாகிய உன் மாமா எழுதிக்கொள்வது. நான் சுகம். வெயிலுக்குத்தான் விசர், அடுப்பில்லாமல் முட்டை பொரிக்கலாம். நேற்று பல்லரோ சந்தையில் நான் வாங்கிய ஒரு கத்தரிக்காயைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள் என்றால் நம்பு.

கடிதமும் படங்களும் கிடைத்தன. நோர்வேயின் வடமுனையில் கோடை முழுக்கச் சூரியன் மறையாததால் உன் தோட்டத்துக் கோவா வெயிலை இராப்பகலாய்த் தின்று உருண்டு கொழுத்திருக்கிறது. கரட் குளிரில் இனித்துவிட்டது என்கிறாய். கொத்தமல்லி நாலு இலை விட்டதுமே பூத்தது உன் பிழையில்லை. நெடும்பகலைக் கண்டால் அதற்கு அவசரம்.

சிறகவரை வேறு சாதி. உன்னவன் யசிந்தன் கடைசியாய் ஊரிலிருந்து கொண்டுவந்த ஐந்து விதையையும் கண்ணாடி அறையில் நட்டுவிட்டாய். கொடி கூரையைத் தொட்டும் ஒரு பூ இல்லை. இது பட்டுப்போனால் அவன் கைபட்ட விதை இனி உலகத்திலேயே இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

அதற்கு நீண்ட இரவு வேண்டும், பிள்ளை. என் பல்கனியில் இரண்டு தொட்டி வைத்தேன். போன ஐப்பசியில் மூலைத் தொட்டி சீசா முழுவதற்கும் கறி கொடுத்தது. தெருவிளக்குக்கு நேரே நின்றது வெறும் இலை. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே சூடு.

அதனால்தான் உன் கடைசிப் பக்கம் என்னை உலுக்கியது. மாசிமாதம் பனியில் கார் சறுக்கி அவன் போனதிலிருந்து, அந்தக் கண்ணாடி அறையில் அவன் படத்தின் முன் மின்விளக்கு எரிகிறது. நித்திரை வராமல் எழும்பிப் போனால் கொடிக்குப் பின்னால் அவன் நிழல் நிற்கிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்கிறாய். ஏழு பேயை ஒரே மூச்சில் விரட்டுகிற நான், அதைப் படித்தபின் பட்டப்பகலிலும் பல்கனிக் கதவைச் சாத்திவைக்கிறேன்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியையோடு அணைத்திருக்க வேண்டிய விளக்கு. "நான் வருமட்டும் நூர்க்காதை பிள்ளை" என்று போனில் சொன்னவன் நான்தான். என் வதிவிட அனுமதி, அந்தப் பெர்மெஸ்ஸோ, இன்னும் புதுப்பித்து வரவில்லை. அது இல்லாமல் உங்கை வர ஏலாது. அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை என்று வீரம் பேசினேன். நீ நம்பி ஏழு மாதம் எரியவிட்டாய்.

பகலில் பயிர் லைற்றைப் பத்து மணித்தியாலம் போடு. ஹீற்றரைக் குறைக்காதே. பின்னேரம் ஆறு தொடக்கம் காலை எட்டு வரை கறுப்புத் துணி கட்டி முழு இருட்டு விடு. ஒரு மாதத்தில் பூக்கலாம். பூக்காமலும் போகலாம்; என் பட்டங்களை நம்பாதே.

படத்தை முன்னறைக்குக் கொண்டுபோ. எனக்காக இனிக் காத்திராமல் விளக்கை நூர்த்துவிடு. யசிந்தன் ஒருநாளும் இருட்டுக்குப் பயந்தவன் இல்லை. அவனும் கொஞ்சம் கண்ணயரட்டும், நீயும் கண்ணயர்ந்துகொள்.

முருகன் உன் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று கும்பிடும்,
மாமா சோதிலிங்கம்