கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி

12 பிப்ரவரி 1971, வெள்ளி
சேலையூர்

சாமுவேல் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய பைபாஸ் ஆயில் ஃபில்டரை, எஞ்சின் எண்ணெயைக் கூடுதலாக வடிகட்டும் அந்தச் சாமானை, இன்று என் காரில் மாட்டியாயிற்று. என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகன் அனுப்பியதைத் தொடமாட்டேன் என்று, பெட்டியைப் பிரிக்காமலே இரண்டு வருஷம் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

மெக்கானிக் காசிம்தான் விடவில்லை. "ஆயில் தார் மாதிரி கீது சார். ரேடியேட்டர் இல்லாத எஞ்சினு. சூடு தணிக்கக் காத்தும் ஆயிலும்தான் அதுக்குத் தண்ணி. பொட்டிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றான். நான் எண்ணெய்க் குழாயை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அவன் நட்டை முறுக்கினான்.

காலிப் பெட்டியை எறியப் போனபோது அடியில் ஒரு தாள் கிடந்தது. மகனின் கையெழுத்து.

"அப்பா, இதைத் தனியாக மாட்ட வேண்டாம், இரண்டு பேர் வேலை. வா என்று ஒரு வரி எழுதுங்கள், கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் குழாயைப் பிடித்துக்கொண்டால் போதும், நட்டை நான் முறுக்குகிறேன்."

இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. இரண்டு தடவையும், பெற்றவனை எட்டிப் பார்க்கவில்லை என்று சர்ச்சில் எல்லோரிடமும் அவனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.