கை வழுக்கவில்லை

ஆட்டம்வா, அயோவா
மே 3, 1999

அன்புள்ள டெல்மர்,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக உன் பெயரைச் சொல்லி ஓசி பீர் குடித்துவருகிறேன். "நம்ம டெஸ்கி பேஸ்பால்ல சம்பளத்துக்குப் பந்து போட்டவரு" என்று கடைக்காரன் எடுத்துக்கொடுப்பான். நான் பெருமூச்சு விட்டு, ஒருநாள் கை வழுக்கி டெல்மர் ப்ரூட் நெற்றியில் பந்து பட்டது, அவன் இடது கண் போயிற்று என்பேன். கேட்பவர்கள் கலங்கிப்போய் இன்னொரு கோப்பை வாங்கித் தருவார்கள். என் தொப்பையில் பாதி உன் உபயம்.

கை வழுக்கவில்லை, டெல்மர். உங்கள் ஆள் எங்கள் ஆளைப் பந்தால் அடித்திருந்தான். எங்கள் மேனேஜர் காது மடலைத் தடவினார். அடுத்து மட்டையோடு வருபவனை அடி என்று அர்த்தம். நீ வந்தாய்.

அதன்பிறகு யாருக்கும் உடம்பை ஒட்டிப் பந்து போட எனக்குக் கை வரவில்லை. அது தெரிந்ததும் மட்டை பிடித்தவர்கள் பயம் விட்டுப்போய் ஊர் ஊராக என் பந்தை வெளுத்து வாங்கினார்கள். மறுவருஷமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது தரைவிரிப்பு விற்கிறேன்.

உன் பழைய கிளப்பின் ஜூன் விழாவில், ஆட்டம் தொடங்கும் முன் மரியாதைக்காக முதல் பந்தை நான் போட, நீ பிடிக்க வேண்டுமாம், கிளப்பில் கேட்கிறார்கள். இது தெரியாமல் நீ என் தோளில் கை போட்டால் தாங்கமாட்டேன். வரட்டுமா, வேண்டாமா?

ஆரின் டெஸ்கி


மே 11

டெஸ்கி,

மிச்சமிருக்கும் கண்ணும் இப்போது மங்கல். உன் கடிதத்தை என் மனைவி லொரீன்தான் படித்துக் காட்டினாள், இதையும் நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். பாதியில் நிறுத்தி, "இந்த ஆளு இங்க வரட்டும், வாசல்லயே வெச்சுப் பேசிக்கறேன்" என்றாள்.

வருவதைப் பற்றிப் பிறகு. வேடிக்கை இல்லாமல் ஒன்றுக்குப் பதில் எழுது. விலாவைக் குறிவைத்தாயா, தலையையா?

டெல்மர் ப்ரூட்


மே 16

டெல்மர்,

விலா என்று எழுதி இரண்டு தாள் கிழித்தேன். தலைதான். அதற்கு முந்தின வருஷம் என் பந்தைச் சுவருக்கு வெளியே அடித்துவிட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாக மைதானத்தைச் சுற்றி வந்தாய். அந்தக் கோபம். விலகிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் விலகுவார்கள்.

ஆரின்


மே 24

ஆரின்,

இதை நானே எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். இதை எழுதுவது லொரீனுக்குத் தெரியாது. ஜூனில் வா. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லோரும் விலகுவார்கள் என்று எழுதியிருந்தாய். நாலு நாளாக அதே நினைப்பு. அடிபடுவதற்கு முன்பே, அந்த வருஷம் ஏப்ரலிலேயே எனக்கு இடது கண் மங்கிவிட்டது. டாக்டர் அறையில் எழுத்து அட்டையை மனப்பாடமாக ஒப்பித்துத்தான் அணியில் இருந்தேன். உன் பந்து வந்ததை நான் பார்க்கவே இல்லை.

டெல்மர்