மூன்றாவது நிறுத்தம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. உன் அண்ணன் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்ட அன்றைக்கு பஸ்ஸில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: மீசையில்லாத டிரைவர், இருமிக்கொண்டே விசில் ஊதும் கண்டக்டர், என் பஸ் பயத்தைப் போக்க மனநலத் துறையிலிருந்து வரும் பெண், உன் அண்ணன், நான். யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள். நான் ஒன்றையும் மறக்கவில்லை.

போன வருஷம் நான் இறங்குவதற்குள் ஒருவன் பஸ்ஸை எடுத்து என் இடுப்பை உடைத்தானே, அதிலிருந்து பஸ் சத்தம் கேட்டாலே வாசலோடு திரும்பிவிடுவேன். திரும்பியதும் நெஞ்சு லேசாகும். அந்த லேசுதான் வினை என்றாள் அந்தப் பெண். "ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பயத்துக்குத் தீனி போடுறீங்கம்மா, அது கொழுக்கத்தானே செய்யும்" என்றாள். சின்னப் பெண், ஆனால் வாய் கெட்டி.

முதலில் நிறுத்தத்தில் சும்மா நின்றோம். பிறகு நின்றிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு ஒரு நிறுத்தம், இரண்டு நிறுத்தம். ஏறும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறேனோ அதை நோட்டில் எழுத வேண்டும், நடந்ததைப் பக்கத்தில். விழுவேன் என்று ஒன்பது முறை எழுதினேன். ஒருமுறையும் விழவில்லை. பயத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் வேறு. ஒரே கண்டிப்பு, பயம் உச்சியில் இருக்கும்போது இறங்கக் கூடாது. பாதியாகும்வரை உட்கார வேண்டும்.

அன்றைக்கு மூன்றாவது நிறுத்தத்தில் ஒன்பது மார்க். வேர்த்துக் கொட்டியது. அப்படியே இருங்கம்மா, தானாகக் குறையும் என்றாள் அவள். உன் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "எங்கம்மாவைக் கொல்லப் பாக்குறியா" என்று அவளிடம் எகிறி, வண்டியை நிறுத்தி, என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். இறங்கியதும் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. மறுநாள் வாசல்படி தாண்ட முடியவில்லை. இரண்டு மாத உழைப்பு போச்சு. நின்ற பஸ்ஸிலிருந்து மறுபடி தொடங்கினோம்.

நேற்று அவனிடம் சொல்லாமல் போனேன். அந்தப் பெண் பின் சீட்டில், வாயே திறக்கவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் அதே ஒன்பது. உட்கார்ந்தேன். ஆறாவதில் நாலு. கடைசி நிறுத்தம்வரை போய், நானே இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்து வீடு வந்தேன்.

ஆகவே முதியோர் இல்லத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே. அம்மாவால் தனியாக முடியாது என்று உன் அண்ணன் அதில் எழுதி உனக்கு அனுப்பியது பழைய செய்தி. அடுத்த மாதம் நீ வரும்போது ரயிலடியிலேயே நில். நான் பஸ்ஸில் வந்து உன்னை அழைத்துப்போகிறேன். பாவம் என்று நீயும் என் கையைப் பிடித்துவிடாதே.

பிள்ளைகளோடு நன்றாக இரு. இடுப்பை உடைத்தவனை மன்னித்துவிட்டேன், அவனுக்கு என்ன அவசரமோ. அன்போடு இறக்கிவிட்டவனை மட்டும் மன்னிக்கமாட்டேன். அவன் உன் அண்ணன்.

இப்படிக்கு,
உன் அம்மா