லாரி நின்ற இடம்

8 ஜனவரி 2007, திங்கள்

மழையால் கொடிவணக்கம் இல்லை. முதல் பாடவேளையே 9-சி. நாற்பத்தொரு பிள்ளைகள், நாற்பத்தொரு ஈரச் சட்டை. வகுப்பு முழுக்கப் புழுங்கிய வாடை.

இந்தோனேசிய வரலாற்றில் 1965-க்கு வந்துவிட்டோம். பழைய பாடநூலில் இது சின்ன விஷயம். கம்யூனிஸ்டுகள் ராணுவ அதிகாரிகளைக் கொன்றார்கள், ராணுவம் நாட்டைக் காப்பாற்றியது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் அதைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தேன். செப்டம்பர்தோறும் பிள்ளைகளை வரிசைகட்டி, அந்தக் கொலைகளைக் காட்டுகிற அரசாங்கத் திரைப்படத்துக்குக் கூட்டிப்போய், ரத்தம் வருகிற இடத்தில் கண்ணை மூடாதே என்று அதட்டியிருக்கிறேன். புதிய புத்தகத்தில் அதற்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் என்று சொல்லிக் கொல்லப்பட்ட லட்சக்கணக்கானவர்களைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஒரே பத்தி. அதை இரண்டு தரம் படித்துக்காட்டினேன்.

வீட்டுப்பாடம் கொடுத்தேன். அந்த வருஷ அக்டோபரில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும்.

"பரீட்சைக்கு வருமா, பு?" பரீட்சை என்றால்தான் இந்த 'பு', 'அம்மா' என்கிற மரியாதையெல்லாம் வரும்.

"வராது."

"அப்புறம் எதுக்கு, பு?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

15 ஜனவரி

நோட்டுகள் வந்தன. முப்பதுக்கு மேல் 'தெரியாது என்றார்கள்'. ஒருவனுடைய தாத்தா அந்த அக்டோபர் முழுக்க வாத்து மேய்த்தாராம். கொடுத்துவைத்தவர்.

இரண்டு நோட்டுகள் மட்டும் வேறு மாதிரி.

கினாசி — ஊர்த்தலைவர் சர்வோனோவின் மகள், வகுப்பில் முதல் மாணவி. முத்து முத்தான கையெழுத்து. 'என் தாத்தா கார்த்தோ தேக்குமரக் கிடங்கில் லாரி ஓட்டினார். அந்த மாதம் மரம் ஏற்றவில்லை, ஆட்களை ஏற்றினார். ஒன்பது நடை. போகும்போது லாரி நிறைய ஆள், வரும்போது காலி. லாரியை அவரே ஆற்றில் கழுவுவார். இப்படி என் தாத்தா நாட்டுக்கு உதவினார்.'

செனோ — கடைசி வரிசை, வாயே திறக்காதவன். 'என் தாத்தா பள்ளி ஆசிரியர், ஆசிரியர் சங்கத்தில் இருந்தார். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போனவர் திரும்பி வரவில்லை. அப்போது அப்பாவுக்கு மூன்று வயது. இதை எழுதாதே என்றார் அப்பா. படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள், பு.'

கிழிக்கவில்லை. இரண்டு பேருக்கும் பத்துக்கு ஒன்பது போட்டேன். ஒன்பது நடைக்கு ஒன்பது மதிப்பெண்! சிவப்புப் பேனாவை மூடிய பிறகுதான் உறைத்தது.

16 ஜனவரி

புத்தி எங்கே போயிற்று எனக்கு? நோட்டுகளை அப்படியே வகுப்புத் தலைவனிடம் கொடுத்து விநியோகிக்கச் சொன்னேன். முதல் மாணவி என்ன எழுதினாள் என்று பார்க்காமல் எந்த வகுப்பு இருக்கும்? கை மாறி மாறிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டது.

செனோ எழுந்தான். அடித்துவிடுவானோ என்று பயந்தேன். அவன் கினாசியின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"லாரி எங்க போயி நின்னுச்சுன்னு உங்க தாத்தாகிட்ட கேட்டுச் சொல்றியா? எங்கப்பா சண்டைக்கெல்லாம் வரமாட்டாரு. இடம் தெரிஞ்சா போதும். ரமலான் நோன்புக்கு முன்னாடி எல்லாரும் கல்லறைக்குப் பூத்தூவப் போறாங்கல்ல? நாங்க மட்டும் வீட்டுலயே உக்காந்திருக்கோம்."

கினாசியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. தான் என்ன எழுதினோம் என்று அந்தக் குழந்தைக்கு அப்போதுதான் புரிந்தது. பின்னாலிருந்து ஒரு பையன், "ஏய், லாரிக்காரன் பேத்தி! டிக்கெட் எவ்வளவு?" என்றான். வகுப்பு சிரித்தது. நான் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று தெரியவில்லை.

18 ஜனவரி

பள்ளி விட்டதும் கினாசி ஆசிரியர் அறைக்கு வந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன்.

"தாத்தா சொல்லிட்டாரு, பு. மூணாவது பாலம் தாண்டி இடது பக்கம் வண்டித்தடம் இருக்காம். அது முடியுற இடத்துல வெள்ளைப் பாறை. அதுக்குக் கீழ பள்ளம். எல்லா நடையும் அங்கதானாம்."

"எப்படிச் சொன்னார்?"

"உடனே சொன்னாரு. யாராவது கேப்பாங்கன்னு காத்துக்கிட்டே இருந்த மாதிரி. அப்புறம் சோறு வேணாம்னுட்டாரு." சட்டை நுனியைத் திருகினாள். "செனோகிட்ட நீங்களே சொல்லிடுங்க, பு. நான் அவன்கூடப் பேசினேன்னு தெரிஞ்சா அப்பா கொன்னுடுவாரு."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஏன் நாளைக்கு? மழை விடட்டும் என்று செனோ வாயிற்கதவோரம்தான் நின்றிருந்தான். சன்னலிலிருந்து தெரிந்தது. இருபதடி.

19 ஜனவரி

காலையிலேயே தலைமையாசிரியர் அறையில் சர்வோனோ. மேசை மேல் ரம்புத்தான் பழக்கொத்து, இலையோடு.

குரல் உயரவே இல்லை. "எங்கப்பாவுக்கு வயசாயிடுச்சு, பு லஸ்த்ரி. வாய்க்கு வந்ததை உளறுவாரு. பிள்ளைங்க அதை நெசம்னு எழுதிடுதுங்க. உங்களைச் சொல்லலை. இந்த ஊர்ல உங்களுக்கு எவ்வளவு நல்ல பேரு! அது அப்படியே இருக்கணும், அதான் எங்க எல்லாருக்கும் ஆசை." கும்பிட்டுவிட்டு, குனிந்தபடியே வெளியே போனார்.

தலைமையாசிரியர் பாக் விக்னியோ கதவைச் சாத்தினார். "சம்பளம் ரெட்டிப்பாகுமே, அந்தத் தகுதிச் சான்று, உங்க கோப்பு என் மேசையிலதான் இருக்கு. என் கையெழுத்தும் வேணும், நன்னடத்தைச் சான்றும் வேணும். போடமாட்டேன்னு சொல்லல, பு. நீங்க எனக்குத் தங்கச்சி மாதிரி. ஆனா நம்ம வேலை பாடம் நடத்துறது. குழி தோண்டுறதில்ல."

குழி என்று நான் சொல்லவே இல்லையே. அவருக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை இந்த ஊரில் எல்லாருக்குமே தெரியுமோ — செனோவின் அப்பாவைத் தவிர?

ரம்புத்தானை எல்லாரும் பங்கு போட்டோம். இனிப்பாகத்தான் இருந்தது.

22 ஜனவரி

செனோ என்னைப் பார்த்தான். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

27 ஜனவரி, சனி

செனோவின் அப்பா வீட்டுக்கு வந்தார். முஜியோனோ, நெல் ஆலையில் வேலை. புருவத்தில்கூடத் தவிடு. செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னால் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். தேநீரைத் தொடவில்லை.

"பையன் வகுப்புல ஏதோ கேட்டுட்டானாம். மன்னிச்சுக்கங்க, பு. நான் கேக்கச் சொல்லல."

"பரவாயில்ல, பாக்." நான் ஐயா போட்டுக் கூப்பிட்டதற்கே கூசினார்.

"சர்வோனோ வீட்டு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கிழவர் லாரி ஓட்டினாரு, ஓட்டாட்டி அவரையும் ஏத்தியிருப்பாங்க. எனக்கு எங்கப்பா முகமே ஞாபகமில்ல. போட்டோவைக்கூட அம்மா பயந்து எரிச்சுட்டாங்க. அம்மாவுக்கு இப்ப எண்பது ஆகப்போகுது..." நிறுத்தினார். மடியில் உதிர்ந்திருந்த தவிட்டைத் தட்டிவிட்டு, "அந்தப் பொண்ணு உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லிச்சா, பு?"

சமையலறையில் என் கணவர் மாஸ் ப்ரிஹாதி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது.

"இல்ல, பாக். ஒண்ணும் சொல்லல."

அவர் தலையாட்டினார். என்னை நம்பினார். நான் ஆசிரியை அல்லவா. வாசலில் திரும்பி, தொந்தரவு கொடுத்ததற்கு இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்டார்.

"நீ சொன்னதுதான் சரி" என்றார் மாஸ் ப்ரிஹாதி. "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அந்த மனுஷனுக்குத்தான் முதல் அடி விழும். அவருக்காகத்தானே மறைச்சே."

அவருக்காகவா? ஐயோ, லஸ்த்ரி, யாருக்காகடி மறைச்சே? ஒரு வாக்கியம். மூணாவது பாலம், வண்டித்தடம், வெள்ளைப் பாறை. அதச் சொல்ல வாய் வரல உனக்கு.

5 பிப்ரவரி

செனோ ஒரு வாரமாக வரவில்லை. மாமா ஊர்ப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு போட்டேன். அளவுகோல் வைத்து, நேராக.

28 மார்ச், புதன்

மேலிடத்து உத்தரவு. புதிய பாடநூல் தடை செய்யப்பட்டது, எல்லாப் பிரதிகளையும் ஒப்படைக்க வேண்டும். உண்மையைத் திரிக்கிறதாம். அந்த ஒற்றைப் பத்தி.

வகுப்பு வகுப்பாகப் போய் நானேதான் வாங்கினேன். பாதிப் பேருக்குச் சந்தோஷம், ஒரு புத்தகம் குறைந்தது. "வீட்டுப்பாடமும் ரத்தா, பு?"

கினாசி கடைசியாக வந்தாள். அட்டைக்குப் பூப்போட்ட தாள் ஒட்டி வைத்திருந்தாள். அதை உரித்து எடுத்துக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தாள். பிறகு மெதுவாக, "செனோகிட்ட சொல்லிட்டீங்கதானே, பு? தாத்தா தினமும் கேக்குறாரு. பூப் போட்டாங்களான்னு."

"சொல்லிட்டேம்மா."

எவ்வளவு சுலபமாக வந்தது! முதல் பொய்க்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

அவள் வணக்கமாக என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிவிட்டுப் போனாள். நல்ல பெண்.

30 மார்ச்

கோப்பில் கையெழுத்து ஆகிவிட்டது. நன்னடத்தைச் சான்றில் 'பொறுப்புணர்வு மிக்கவர்' என்று தலைமையாசிரியர் எழுதியிருக்கிறார்.

10 செப்டம்பர்

கிழவர் கார்த்தோ இறந்துபோனார். நோன்புக்கு மூன்று நாள் இருக்கிறது. துக்கம் கேட்கப் போனேன். போகாவிட்டால் தப்பாக இருக்கும். மயானத்துக்குப் போகிற வழியெல்லாம் பூ விற்கிறார்கள்; ஊரே கல்லறை சுத்தம் செய்கிறது.

கினாசி இப்போது மேல்நிலைப் பள்ளியில். வளர்ந்துவிட்டாள். என்னைத் தனியே கூட்டிப்போய் அழுதாள். "கடைசியில நிம்மதியாப் போனாரு, பு. செனோ வீட்டுல போய்ப் பாத்துட்டாங்கன்னு நான் சொன்னப்புறம்தான் சரியாச் சாப்பிடவே ஆரம்பிச்சாரு. எல்லாம் உங்களாலதான்."

எனக்கு ஒரு தட்டு நிறையச் சோறும் கறியும் வைத்தார்கள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

இனிமேல் சொன்னால்? எப்படித் தெரியும் என்று முஜியோனோ கேட்பார். எப்போதிலிருந்து தெரியும் என்றும் கேட்பார்.

11 டிசம்பர்

தகுதிச் சான்று வந்துவிட்டது. மாஸ் ப்ரிஹாதி ஆட்டுக்கறியைக் குச்சியில் கோத்துச் சுட்ட சத்தே வாங்கிவந்தார்.

30 அக்டோபர் 2008, வியாழன்

மாவட்டத்து இளம் வரலாற்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி. போன மாதம் என்னைக் குழுத் தலைவியாகப் போட்ட பிறகு இது முதல் கூட்டம். பதினெட்டுப் பேர். நல்ல பிள்ளைகள், எல்லாரும் குறிப்பேடு கொண்டுவந்திருந்தார்கள்.

மலைப்பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள். "பு, 65 பாடம் எடுக்குறப்ப, 'எங்க ஊர்ல என்ன நடந்துச்சு'ன்னு ஒரு பையன் எந்திரிச்சுக் கேட்டா என்ன பண்றது?"

யோசிக்கவே இல்லை நான். "கேக்க நேரம் விட்டாத்தானேம்மா கேப்பான்? மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்தப் பாடத்தை ஆரம்பிங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு குனிந்து எழுதிக்கொண்டாள்.